சேர்த்த விசிறிச் சிப்பி கெடுகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

சிப்பியில் கறையோ வெள்ளையோ தெரிந்தால் பலருக்கும் முதலில் கை போவது வினிகர் பாட்டிலுக்கு, இல்லாவிட்டால் பாத்ரூம் ஆசிட்டுக்கு. இரண்டையும் தள்ளி வையுங்கள். சிப்பியின் ஓடு கிட்டத்தட்ட முழுக்கவே கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டதும் பொங்குகிறதே நுரை, அது அழுக்கு போவதால் வருவதல்ல, ஓடே கரைவதால் வருவது. ராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் கடைகளில் பளபளவென்று தொங்கும் சங்கு, சிப்பிகளில் நிறைய அமிலத்தில் முக்கி மேற்பரப்பு உரிக்கப்பட்டவைதான். அலங்காரத்துக்கு அது சரி, சேகரிப்புக்கு ஆகாது. விசிறிச் சிப்பிக்கு, அதாவது ஆங்கிலத்தில் ஸ்காலப் என்பதற்கு, கொஞ்சமும் ஆகாது. அதன் அழகே மேலே ஓடும் விலாக்கோடுகளும் அவற்றின் மீது நிற்கும் நுண்ணிய செதில்களும்தான். அமிலம் முதலில் தின்பது அந்தச் செதில்களைத்தான்.

கீழே சொல்வதெல்லாம் நம் கிழக்குக் கரையில் கிடைக்கும் விசிறிச் சிப்பிகளை மனத்தில் வைத்து எழுதியது. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது வோலாக்லமிஸ் ட்ராங்குபாரியா. 1791-ல் ஜெர்மன் இயற்கையியலாளர் க்மெலின் இந்த அறிவியல் பெயரை வைத்தபோது, ஐரோப்பியர் ட்ராங்குபார் என்று எழுதிய தரங்கம்பாடியையே பெயராக வைத்துவிட்டார். உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஆரஞ்சு, ஊதா, பழுப்பு, வெள்ளைத் திட்டு என்று ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ஆனால் வைத்தியம் வேறு இரட்டை ஓட்டுச் சிப்பிகளுக்கும் இதேதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்த பிறகு சிப்பி கெட்டால், காரணம் பெரும்பாலும் அதை வைத்திருக்கும் பெட்டி, பஞ்சு, பசை, எண்ணெய் இவற்றில்தான் இருக்கும். சிப்பியைத் தேய்க்கத் தொடங்கும் முன் பெட்டியை முகர்ந்து பாருங்கள்.

கரையில் முழுசாக ஒன்றுகூடக் கிடைப்பதில்லை

அலை கொண்டுவந்து போடும் ஓடுகள் பெரும்பாலும் ஒற்றை, ஓரம் தேய்ந்தவை, காது உடைந்தவை. விசிறியின் கைப்பிடி இடத்தில் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான பகுதியைத்தான் காது என்கிறேன். முதலில் உடைவது அதுதான். ஜோடியாக, காது முழுசாக வேண்டுமென்றால் மணலில் தேடுவதை விட்டுவிட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போங்கள். காசிமேடு, நாகப்பட்டினம், மண்டபம், தூத்துக்குடி என்று விசைப்படகுகள் இழுவலை போட்டுவிட்டு வந்து இறக்கும் இடம் எதுவானாலும் சரி. மீன் பிரித்த பிறகு ஒதுக்கிப் போடும் சங்காயக் குவியலில் இவை கிடக்கும். கோழித் தீவனத்துக்குப் போகிற குவியல்தான், ஆனாலும் அதற்கு உரிமைக்காரர் உண்டு. "அக்கா, இந்தச் சங்காயத்துல கெடக்குற சிப்பி மட்டும் எடுத்துக்கவா?" என்று பிரித்துக்கொண்டிருக்கும் பெண்களிடம் கேளுங்கள். எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அடுத்த முறை அவர்களே ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுத் தடைக்காலம், அப்போது போய்ப் பயனில்லை.

உயிருள்ளதைத் தேடி எடுக்காதீர்கள். குவியலில் இறந்து கிடப்பதே ஒரு சேகரிப்புக்கு மிச்சம். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலிருந்து செத்த ஓடுகூட எடுக்கக்கூடாது. விசிறிச் சிப்பி வனவிலங்குச் சட்டப் பட்டியலில் இல்லை. ஆனால் அதே குவியலில் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் தட்டையான ஓடு ஒன்று கிடக்கும். ஜன்னல்களில் பதிப்பார்களே, அந்தச் சிப்பி. 2001-ல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 24 மெல்லுடலி வகைகளில் அதுவும் ஒன்று. 2022 திருத்தத்தில் அட்டவணைகள் மாறியிருக்கின்றன. சந்தேகமான எதையும் தொடும் முன் வனத்துறையில் கேட்டுவிடுவது நல்லது.

வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது

அதிகம் பேர் கேட்பது இதுதான், அதிகம் தவறாகக் கணிப்பதும் இதைத்தான். நான்கு வெவ்வேறு வெள்ளைகள் உண்டு, நான்குக்கும் வெவ்வேறு வழி. ஒரு சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி போதும், கண்டுபிடித்துவிடலாம்.

எடுத்து வந்த சில நாட்களிலேயே ஓரங்களிலும் விலாக்கோடுகளின் இடுக்குகளிலும் வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் அது கடல் உப்பு. உருப்பெருக்கியில் பார்த்தால் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும். ஈரக்காற்று அடித்தால் பிசுபிசுக்கும். இதற்குப் பயப்பட வேண்டாம். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்றுங்கள். போர்வெல் தண்ணீரில் கடைசிவரை அலசினால் அந்தத் தண்ணீரின் உப்பே படிந்துவிடும், ஆகவே கடைசி அலசல் பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடி நீரில். கடையில் கேட்கும்போது பேட்டரி தண்ணி என்று தெளிவாகக் கேளுங்கள், அதே கடையில் பேட்டரி ஆசிட்டும் விற்பார்கள். உப்பு போய்விட்டதா என்று பார்க்க ஒரு வழி: ஊறின தண்ணீரில் ஒரு சொட்டை முகம் பார்க்கும் கண்ணாடியில் விட்டுக் காயவிடுங்கள். பக்கத்தில் புதுத் தண்ணீர் ஒரு சொட்டு. காய்ந்த பிறகு இரண்டின் தடமும் ஒன்றுபோல் இருந்தால் உப்பு இறங்கிவிட்டது.

ப்ளீச்சிங் பவுடரில் ஊறவைத்து எடுத்த சிப்பியில் காய்ந்ததும் சீராக மாவு பூசியதுபோல் இருந்தால், அது சுண்ணாம்பு. ப்ளீச்சிங் பவுடரில் சுண்ணாம்பு கலந்தே இருக்கிறது. அது ஓட்டின் மேல் படிந்து காற்றுப் பட்டதும் கால்சியம் கார்பனேட்டாக இறுகிவிடும். அதாவது சிப்பியும் படலமும் ஒரே பொருள். படலத்தை மட்டும் கரைக்கும் திரவம் எதுவும் இல்லை. ஈரமாக இருக்கும்போதே மெல்லிய பல் துலக்கியால் விலாக்கோட்டின் போக்கிலேயே தேய்த்தால் கொஞ்சம் வரும். இனிமேல் தூளை விட்டுவிட்டு, கடைகளில் கிடைக்கும் திரவ ப்ளீச்சுக்கு, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு மாறுங்கள்.

பஞ்சுபோல, சாம்பல் அல்லது பச்சை கலந்து, மண்வாடையோடு இருந்தால் பூஞ்சை. கீல் பகுதியிலும் சதை ஒட்டிய இடங்களிலும்தான் பிடிக்கும். ஓட்டை அது சாப்பிடாது, மிச்சமிருக்கும் சதையைத்தான் சாப்பிடுகிறது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் நன்றாகக் காயவையுங்கள். அடுப்பு பக்கத்தில் எரியக்கூடாது.

நான்காவதுதான் உண்மையான ஆபத்து. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நன்றாக இருந்த சிப்பி. பெட்டியைத் திறக்கும்போது லேசாக வினிகர் வாடை. ஓட்டின் மேல் மெல்லிய வெள்ளைப் பொடி, உருப்பெருக்கியில் பார்த்தால் ஊசி ஊசியாக, இழை இழையாக நிற்கும். துடைத்தால் போகிறது, சில வாரத்தில் மறுபடி வருகிறது. துடைத்த இடத்தில் பளபளப்பு போய் சொரசொரப்பாகியிருக்கும். உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் இதைப் பைன் நோய் என்கிறார்கள். 1899-ல் இங்கிலாந்தில் லாஃப்டஸ் பைன் என்பவர் இதைப் பற்றி எழுதினார், நுண்ணுயிர் வேலை என்று அவர் எண்ணினார். அலமாரியில் ஒன்றுக்கு வந்தால் பக்கத்தில் இருப்பதற்கும் வருகிறதே, தொற்று என்று தோன்றியதில் வியப்பில்லை. நோயே இல்லை அது. பெட்டியிலிருந்து வரும் அசிட்டிக் அமில, ஃபார்மிக் அமில ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து ஓட்டைக் கரைக்கிறது. கரைந்ததுதான் மேலே உப்பாகப் பூக்கிறது. 1985-ல் டெனன்ட், பேர்ட் இருவரும் அந்தப் படிகங்களை ஆராய்ந்து அவை என்ன உப்புகள் என்று காட்டினார்கள். பக்கத்துச் சிப்பிக்குப் "பரவுவது" ஏன் என்றால், இரண்டும் ஒரே பெட்டிக் காற்றில் இருப்பதால்தான்.

அந்த ஆவி எங்கிருந்து வருகிறது? பிளைவுட், எம்.டி.எஃப், பார்ட்டிகிள் போர்டு. ஓக் மரம் இதில் பேர்போனது. ஸ்வீட் கடை அட்டைப் பெட்டி. செய்தித்தாள். மாத்திரை பாட்டிலில் வரும் பஞ்சு. ஷோகேஸ் கண்ணாடி ஒட்டிய, புளித்த வாடை அடிக்கும் சிலிக்கான் பசை. வெள்ளை நிற மரப்பசை. நம் வீடுகளில் சிப்பி போய் உட்காரும் இடங்கள் எல்லாமே இந்தப் பட்டியலில் இருப்பதைப் பாருங்கள். நவம்பர் மழையில் மூடிய பிளைவுட் அலமாரிக்குள் அட்டைப் பெட்டி, அதற்குள் பஞ்சு மெத்தை: இதைவிட மோசமான இடத்தைத் திட்டம் போட்டாலும் அமைக்க முடியாது.

செய்ய வேண்டியது: அந்தப் பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் உடனே வெளியே எடுங்கள், பூக்காததையும்தான். பூத்ததை மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, வாலைவடி நீரில் ஒரு நாள் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி, நிழலில் முழுசாகக் காயவிடுங்கள். அரித்துப்போன மேற்பரப்பு திரும்ப வராது, ஆனால் அரிப்பு நிற்கும். பழைய பெட்டிக்குள் திரும்ப வைத்தால் பட்ட பாடு வீண். இரும்பு பீரோவின் இழுப்பறை நல்லது. கண்ணாடி ஜாடி நல்லது. பிளாஸ்டிக் டப்பா வாங்கினால் அடியைத் திருப்பி முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், 2-ம் 4-ம் பாலித்தீன், இவை பாதுகாப்பானவை. 3 என்றால் பி.வி.சி., வேண்டாம். மழைக்காலத்துக்கு ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் உள்ளே போடுங்கள்.

கழுவியும் நாற்றம் போகவில்லை

சதை எங்கோ மிச்சமிருக்கிறது. விசிறிச் சிப்பிக்குள் நடுவில் ஒரு தடித்த உருளைத் தசை உண்டு, இரண்டு ஓட்டையும் இழுத்து மூடுவது அதுதான். அது ஒட்டியிருந்த வட்டத் தழும்பில் விரலை வைத்துப் பாருங்கள், வழுவழுப்பாகத் தட்டுப்பட்டால் அங்கேதான் கோளாறு. மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள், கத்தி வேண்டாம், உட்புறப் பளபளப்பில் கீறல் விழும். பிறகு ஆல்கஹாலில் ஒரு நாள் போட்டு எடுத்துக் காயவையுங்கள். எறும்புப் புற்றுப் பக்கத்தில் ஒரு தட்டில் வைத்து மேலே கூடை கவிழ்ப்பது பழைய வழி, நல்ல வழியும்கூட. மண்ணில் புதைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. செம்மண் கறை ஏறிவிடும்.

கொதிக்கும் தண்ணீரில் போடுவதும் வேண்டாம். சட்டென்று சூடேறினால் மெல்லிய ஓட்டில் மயிரிழை வெடிப்பு விழும். இறந்தும் மூடிக்கொண்டிருக்கும் சிப்பியை இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் தானே தளர்ந்து திறக்கும்.

இரண்டு ஓடும் பிரிந்துவிட்டன

கீலின் உட்புறம் முக்கோணக் குழி ஒன்று இருக்கும், அதற்குள் கறுப்பாக ரப்பர் போல ஒரு சின்ன மெத்தை. உயிரோடு இருக்கும்போது ஓட்டை உந்தித் திறப்பது அதுதான். ப்ளீச் அதைக் கரைத்துவிடும். ஜோடியைப் பிரியாமல் வைக்க வேண்டுமென்றால் ப்ளீச்சில் முக்கவே முக்காதீர்கள், வெளிப்புறத்தில் மட்டும் தூரிகையால் தடவி அலசுங்கள். ஈரமாக இருக்கும்போதே மூடி, பருத்தி நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி, நூல் கட்டியபடியே காயவிடுங்கள். காய்ந்த பின் கீல் கண்ணாடிபோல் உடையக்கூடியது, திறந்து திறந்து காட்டாதீர்கள்.

ஏற்கெனவே பிரிந்துவிட்டால் ஒட்ட வேண்டாம். இரண்டையும் ஒரே பைக்குள் வைத்து ஒரே எண் எழுதுங்கள். பல ஜோடிகள் கலந்துபோனால் காதைப் பாருங்கள்: முன்பக்கக் காதுக்குக் கீழே ஒரு வெட்டு இருக்கும் ஓடு வலது. வலதையும் இடதையும் பிரித்துவிட்டு, விளிம்பில் விலாக்கோடுகள் பல்லோடு பல் பொருந்துகிறதா என்று வைத்துப் பார்த்தால் சரியான ஜோடி அசையாமல் உட்காரும்.

நிறம் வெளுக்கிறது, மங்கலாக இருக்கிறது

இரண்டும் வேறு வேறு. ஜன்னலோரம் வைத்த ஆரஞ்சுச் சிப்பி மெல்ல மெல்ல வெளுத்தால், வெயில் நிறமியைச் சிதைத்துவிட்டது. திரும்பாது. மிச்ச நிறத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இன்றைக்கே இழுப்பறைக்குள் வையுங்கள். கழுவியதை மொட்டை மாடி வெயிலில் காயவைக்கும் வழக்கத்தையும் விடுங்கள்.

ஈரமாக இருக்கும்போது நிறம் ஜொலித்து, காய்ந்தால் மங்கினால், நிறம் உள்ளேயே இருக்கிறது, மேற்பரப்புதான் தேய்ந்திருக்கிறது. மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் கேட்டு வாங்கி, துணியில் ஒரு சொட்டு விட்டுத் தடவி, உடனே வேறு துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். உப்பு முழுக்கப் போய், ஓடு முழுக்கக் காய்ந்த பிறகே தடவ வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். சில மாதத்தில் சிக்கு நாற்றம் அடிக்கும், தூசியை இழுத்து ஒட்டவைக்கும், கெட்டுப்போகும் எண்ணெயில் உருவாகும் அமிலம் ஓட்டுக்கும் நல்லதல்ல. வார்னிஷும் நெயில் பாலிஷும் நாளாக ஆக மஞ்சளிக்கும். கடையில் வாங்கிய வார்னிஷ் சிப்பியைச் சுத்தமாக்க நினைத்தால் அசிட்டோனில் நனைத்த பஞ்சால் ஒரு மூலையில் துடைத்துப் பாருங்கள். பஞ்சில் ஊதாவும் பச்சையும் ஏறினால் நிறமே சாயம், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓடு கறுத்திருக்கிறது

காற்றுப் புகாத சேற்றில் பல காலம் புதைந்து கிடந்த ஓடு. இரும்பு சல்ஃபைடு ஏறியிருக்கிறது. ப்ளீச்சுக்கு அசையாது, அமிலத்துக்குக் கறைக்கு முன் ஓடு போகும். அப்படியே வையுங்கள். அந்தக் கறுப்பும் சாம்பல் நீலமும் கலந்த நிறம் எனக்கு ஆரஞ்சைவிட அழகாகத் தெரிகிறது, அந்த ஓடு எங்கே கிடந்தது என்பதையும் அது சொல்கிறது.

மேலே ஏதேதோ ஒட்டியிருக்கிறது, ஓட்டை ஓட்டையாக இருக்கிறது

பாசியும் மெல்லிய படலமும் என்றால் ஒரு பங்கு திரவ ப்ளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர், கையுறை, திறந்த ஜன்னல், அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தல். ப்ளீச்சோடு ஆசிட்டையோ வினிகரையோ அமோனியா கலந்த கிளீனரையோ ஒருபோதும் சேர்க்கக்கூடாது, நச்சு வாயு கிளம்பும். கொட்டலசும் (பார்னக்கிள்) சுண்ணாம்புக் குழல் புழுக்களும் ப்ளீச்சில் கரையாது, பிடிப்பு மட்டும் தளரும். ஊசி முனையால் பக்கவாட்டில் நெம்பி எடுக்கலாம். எடுத்தே ஆக வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். அந்தச் சிப்பி வாழ்ந்த விதம் அந்த ஒட்டுகளில்தான் இருக்கிறது.

குண்டூசி முனை அளவில் பரவலாக ஓட்டைகள் தெரிந்தால் பூச்சி அரிக்கிறதோ என்று பயப்பட வேண்டாம். துளைக்கும் கடற்பஞ்சு கடலிலேயே செய்துவிட்ட வேலை அது, காய்ந்த ஓட்டில் மேலும் பெருகாது. உள்ளே காய்ந்த பஞ்சு தூளாகக் கொட்டலாம், வாடையும் அடிக்கலாம், ப்ளீச்சில் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்தால் தீரும். வட்டமாக, ஒழுங்காக ஒரே ஒரு துளை இருந்தால் அது வேட்டை நத்தை போட்ட துளை. இந்தச் சிப்பி எப்படிச் செத்தது என்பதற்குச் சாட்சி. அதை அடைக்க நினைக்காதீர்கள்.

காது உடைந்துவிட்டது

உடைந்த துண்டு கையில் இருந்தால் ஒட்டலாம். சூப்பர் குளூ வகை உடனடிப் பசைகள் மஞ்சளித்துப் பிறகு தெறித்துவிடும், பிரித்துத் திரும்ப ஒட்டுவதும் சிரமம். அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் கரைத்து ஒட்டினால், தேவைப்படும்போது அசிட்டோன் தடவியே பிரித்துக்கொள்ளலாம். துண்டு இல்லையென்றால் எம்சீல் வைத்துச் செய்து சேர்க்காதீர்கள்.

எது எங்கே எடுத்தது என்று தெரியவில்லை

மற்ற எல்லாக் கோளாறுக்கும் ஏதோ ஒரு வழி இருக்கிறது, இதற்கு மட்டும் பின்னாளில் வழியே இல்லை. எடுத்த இடம் தெரியாத சிப்பி ஆராய்ச்சிக்கு உதவாது, எவ்வளவு அழகாக இருந்தாலும். எடுத்த அன்றே ஒரு சீட்டு: ஊர், நாள், கரையில் ஒதுங்கியதா வலையில் வந்ததா, வலையில் என்றால் எத்தனை பாகம் (மீனவர்கள் ஆழத்தை அளக்கும் அலகு) ஆழம் என்று படகுக்காரர் சொன்னது, எடுத்தவர் பெயர். பென்சிலில் எழுதுங்கள். பால்பாயின்ட் மை பரவும், பில் காகித எழுத்து வெளுத்தே போய்விடும். சீட்டைத் தின்ன இராமபாணப் பூச்சி வரும், அதனால் சீட்டுக்குத் தனியாக ஒரு சின்ன ஜிப் பை. அதே எண்ணை ஓட்டின் உட்புறத்தில் காதுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக எழுதிவிடுங்கள், ஒரு நோட்டிலும் பதிந்துகொள்ளுங்கள். பழைய பெட்டிகளில் சீட்டு இல்லாமல் கிடப்பவற்றுக்கு ஊகத்தில் ஊர் பெயர் எழுதிவைக்க வேண்டாம். "இடம் தெரியாது" என்றே எழுதி, தனி டப்பாவில் போடுங்கள்.